திருப்பாலைக்குடிக்கு அடியில் ஒரு மலையின் வேர்

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, பாக் விரிகுடாவின் கரையில் இருக்கிறது திருப்பாலைக்குடி. உப்பளம், கருவேல மரம், அலை அதிகம் எழாத கடல். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு குன்று கிடையாது. ஆனால் மலைகளைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்களைப் பேச இதைவிடப் பொருத்தமான இடமும் கிடையாது.

நம்பிக்கை: ராமநாதபுரம் சீமை ஆதியிலிருந்தே வெறும் மணல்வெளி.

மணல் மேல்தோல்தான். அதற்குக் கீழே அடுக்கடுக்காய்ப் படிவுப் பாறைகள். வழுதூர் மின்நிலையத்தை ஓட்டும் எரிவாயு இந்த வட்டாரத்துப் படிவுகளில் கிடைத்ததுதான். அதற்கும் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மதுரைப் பக்கம் குன்றுகளாக வெளியே தெரிகிற சார்னோகைட், நைஸ் வகைகளின் தொடர்ச்சி. கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் சஃபிரின் என்ற அரிய கனிமம் பாறைக்குள் இருக்கிறது. அங்குள்ள பாறைகளின் கனிமச் சேர்க்கை உருவாக 900 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமும், சுமார் 25, 30 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தமும் தேவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா ஆகியவை நெருங்கி முட்டிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டமாய் இணைந்தன. நடுவிலிருந்த கடல் மூடிக்கொண்டது. தட்டுகளின் விளிம்புகள் நசுங்கி, மேலோடு தடித்து, மலைத்தொடர் எழுந்தது. நம் காலடியில் இருப்பது அதன் வேர்.

அப்படியானால் மதுரையில் 30 கிலோமீட்டர் உயர மலை நின்றதா? நிற்கவே முடியாது. உப்பு மூட்டை ஏற்றிய தோணியில் மூட்டைகளை ஒவ்வொன்றாய் இறக்கினால், நீருக்குள் அமிழ்ந்திருந்த அடிப்பாகம் மெல்ல மேலே வரும். மழையும் ஆறும் உச்சியை அரிக்க அரிக்க, வேர் அப்படித்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உயர்ந்து வந்தது. எந்தக் காலத்திலும் உச்சி இன்றைய இமயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: பூமிக்கு அடியில் நெருப்புக் குழம்புக் கடல் இருக்கிறது, அது பீறிட்டதால்தான் மேற்குத் தொடர்ச்சி மலை உண்டானது.

மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் கிட்டத்தட்ட முழுவதும் திடப் பாறை. வெப்பத்தால் அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது, அவ்வளவுதான். அதன் ஆழத்திலிருந்து சில இடங்களில் சூடான பாறை தூண்போல் எழுகிறது. ப்ளூம் என்று புவியியலாளர்கள் சொல்வது இதைத்தான். மேலே வந்து அழுத்தம் குறையும்போதுதான் அதில் ஒரு பகுதி உருகும்.

இந்தத் தூண்கள் பொதுவாகக் கண்டங்களைப் பிளக்கத் துணைபோகின்றன. மடித்து மலையாக்குவது விளிம்பு மோதலின் வேலை. மரியோன் என்ற தூணின் தாக்கத்தோடு சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்தது. அந்தப் பிளவின் உயர்ந்த கரைதான் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனைமுடியும் அகத்தியமலையும் எரிமலைக் கல் அல்ல, பழைய கோண்டுவானாப் பாறை. மகாராஷ்டிரத்துச் சஹ்யாத்ரி மட்டும் விதிவிலக்கு, அங்கே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ரீயூனியன் என்ற இன்னொரு தூண் கொட்டிய தக்காணத்து லாவா அடுக்கடுக்காய்க் குவிந்து கிடக்கிறது. அதையும் பள்ளத்தாக்குகளாய்ச் செதுக்கியது மழைதான்.

தூணுக்கு மலையில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ரீயூனியன் தூண் இந்தியத் தட்டை வடக்கே உந்தி, ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் அதிகமாக ஓட வைத்தது என்றொரு கருத்து உண்டு. அது சரியென்றால், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இமயத்தை எழுப்பத் தொடங்கிய மோதலில் அதன் கையும் இருக்கிறது. விவாதம் முடியவில்லை, எனக்கு அது நம்பக்கூடியதாகவே படுகிறது.

நம்பிக்கை: ராமர் பாலத்துத் திட்டுகள் எரிமலைத் தீவுகள்.

மணலும் சுண்ணக்கல்லும்தான். எரிமலைத் தூணின் தடம் பார்க்க மேற்கே போக வேண்டும்: லட்சத்தீவு, மாலத்தீவுப் பவளத் திட்டுகள் ரீயூனியன் தூண் விட்டுச்சென்ற கடலடி மேட்டின்மீது வளர்ந்தவை.

நம்பிக்கை: லெமூரியா கண்டம் மூழ்கியது அறிவியலில் நிரூபணமாகிவிட்டது.

மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகள் காணப்படுவதை விளக்க, 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்த ஊகம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. கண்டப் பாறை கடல்தரைப் பாறையைவிட இலேசானது. முழுக் கண்டம் கல்லைப்போல் மூழ்காது.

கடல் கொண்ட நிலம் என்ற நினைவு முற்றிலும் பொய்யும் அல்ல. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத இந்தப் பாக் விரிகுடா அப்போது தரை. இன்றும் இலங்கை தனித் தட்டு அல்ல. அதன் மலையகமும் நம் பாறைகளின் உடன்பிறப்பு.

2013இலும் 2017இலும் மொரீஷியசில் சிர்கான் என்ற கனிமத்தின் மிகப் பழைய துகள்கள் கிடைத்ததும் 'லெமூரியா கிடைத்துவிட்டது' என்று பேச்சு கிளம்பியது. கிடைத்தது, மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தபோது இடையில் இழுபட்டு மெலிந்து, பிறகு லாவாவுக்கு அடியில் புதைந்துபோன ஒரு கண்டத் துணுக்கின் சான்று. அந்தத் துணுக்கு பிரிந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது மனிதரே கிடையாது.