உதவிக்கு விலை உண்டா? – வேலு நாச்சியார் பாடத்தில் ஒரு வகுப்பறைச் செயல்பாடு

ஆனையூரில் பத்தாம் வகுப்புக்கு வேலு நாச்சியார் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 1772இல் ஆர்க்காடு நவாபின் படையும் கம்பெனிப் படையும் காளையார்கோவிலைத் தாக்க, மன்னர் முத்துவடுகநாதர் உயிரிழந்தார். நாச்சியார் மகளுடன் விருப்பாச்சியில் எட்டு ஆண்டுகள் தங்கினார். 5,000 காலாட்படை, 5,000 குதிரைப்படை வேண்டி ஹைதர் அலிக்குக் கடிதம் சென்றது.

"ஹைதர் அலி சும்மாவா கொடுத்தார், சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று என்னிடம் தெளிவான விடை இல்லை.

மறுநாள் வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து வரைபடம் கொடுத்தேன். திண்டுக்கல் கோட்டை ஹைதர் வசம் இருந்தது. கம்பெனி அவருக்கும் எதிரி. இருவருக்கும் பகைவர் ஒருவரே என்பதை முதல் குழு கண்டது. மருது சகோதரர்கள் முன்நிற்க, 1780இல் சிவகங்கை மீண்டது.

இரண்டாம் குழுவுக்கு நவாபைக் கொடுத்தேன். அவரும் வெளிப்படையின் உதவி பெற்றவர்தான். அதற்காகக் கடனில் மூழ்கினார். 1801 ஒப்பந்தத்தில் கர்நாடக ஆட்சியே கம்பெனிக்குப் போனது.

பிறகு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினேன்: தாக்கியவர் யார்? உதவுபவருக்கு என்ன பயன்? முடிவில் ஆட்சி யார் கையில்? 2022இல் ரஷ்யா படையெடுத்த உக்ரைனுக்கு மற்ற நாடுகள் ஆயுதம் தரும் செய்தியையும் இக்கேள்விகளோடு படிக்கச் சொன்னேன்.

கேள்வி கேட்ட மாணவியே முடித்துவைத்தாள்: "உதவி வாங்கலாம் சார். ஆனா, குழுக்கடன் மாதிரி, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்க்கணும்."

இதே கேள்விகளை உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள்.