மாஸ்க்கைப் படுத்துப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 42 தடவை மூச்சு தடைபடுவதாக வந்திருக்கிறது. கடையில் 35,000 ரூபாய்க்குச் சாதாரண சிபாப் மெஷின், 65,000-க்கு ஆட்டோ மெஷின் காட்டுகிறார்கள். எதை வாங்க? (வாசகர், ஈரோடு)

பதில்: 30-ஐத் தாண்டினாலே கடுமையான நிலைதான். தள்ளிப்போடாதீர்கள். சிபாப் என்பது மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டை அடைக்காமல் வைக்கும் மெஷின். சாதாரண மெஷின் இரவு முழுக்க ஒரே அழுத்தத்தில் தள்ளும். உங்களுக்கு எந்த அழுத்தம் சரி என்று லேபில் ஓர் இரவு படுக்க வைத்துக் கண்டுபிடித்திருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஆட்டோ. அது அழுத்தத்தை 4-க்கும் 20-க்கும் இடையே தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இதயம் பலவீனமானவர்களும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஆட்டோவைத் தொட வேண்டாம்.

விலைக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், இன்னும் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது, மாஸ்க்கில் எவ்வளவு காற்று கசிகிறது என்ற மூன்றையும் மெஷின் பதிவு செய்கிறதா? செய்யாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பதிவு இல்லாமல் சிகிச்சை வேலை செய்கிறதா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கேள்வி: கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிஜன் மெஷின் வீட்டில் சும்மா இருக்கிறது. சிபாப்புக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: கூடாது. உங்களுக்கு அடைப்பது தொண்டை. அதைத் திறந்து வைப்பது காற்றின் அழுத்தம். ஆக்சிஜன் அந்த வேலையைச் செய்யாது.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. மெஷின் வாங்கி மூன்றே வாரத்தில் பரணுக்குப் போய்விட்டது. மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க். காற்று கண்ணில் அடிக்கிறது, மூக்குத் தண்டில் புண், காலையில் வாய் வறண்டு போகிறது என்கிறார். ஸ்ட்ராப்பை இறுக்க இறுக்க இன்னும் மோசமாகிறது. வேறு கம்பெனி மெஷின் வாங்கலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த மாஸ்க்கை உங்கள் அப்பா எப்படிப் போட்டுப் பார்த்தார்? நாற்காலியில் உட்கார்ந்து, மெஷின் ஓடாமல், இரண்டு நிமிடம். வாரம் தவறாமல் இந்தக் கதையைக் கேட்கிறேன். செருப்பு வாங்கினால்கூட நாலடி நடந்து பார்க்கிறோமே! உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் முகம் படுத்தால் இருப்பதில்லை. கன்னச் சதை காதுப் பக்கம் சரிகிறது, தாடை பின்னால் போகிறது. அழுத்தம் ஏறினால் மாஸ்க் முகத்தைவிட்டு எழும்புகிறது. கட்டிலில் படுக்க வைத்து, இரவில் வரும் அழுத்தத்தில் மெஷினை ஓட விட்டு, இடமும் வலமும் புரளச் சொல்லி, கால்மணி நேரம் பார்த்த பிறகுதான் நான் மாஸ்க்கை முடிவு செய்வேன்.

இறுக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய சிலிக்கோன் மடிப்பு, காற்றில் உப்பித்தான் தோலோடு ஒட்டும். இறுக்கினால் மடிப்பு நசுங்கி அங்கேயே கசியும். புண்ணும் அதனால்தான். மெஷின் ஓடும்போதே ஸ்ட்ராப்பைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக இழுத்து உப்ப விட்டு, மறுபடி வைக்கச் சொல்லுங்கள்.

பெரிய மாஸ்க்கே அவருக்குத் தேவையா என்பதும் எனக்குச் சந்தேகம். 1981-இல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை உலகுக்குச் சொன்னபோது காற்றை மூக்கு வழியாகத்தான் செலுத்தினார். வாயையும் மூடும் மாஸ்க் தாடையைப் பின்னுக்குத் தள்ளுவதால் பலருக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது, கசிவும் கூடுகிறது. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரும் வைத்துவிட்டு, மூக்கு மாஸ்க் கொடுத்துப் பாருங்கள். வாயால் மூச்சு விடும் பலர் மூக்குக்குத் திரும்பிவிடுகிறார்கள். பல்செட் கழற்றிவிட்டுத் தூங்குபவர் என்றால் கழற்றிய பிறகே அளவு பாருங்கள். அடர்ந்த மீசையா? மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் பில்லோ மாஸ்க் அவருக்குத் தோதுப்படும். பகலில் மாஸ்க்கோடு டிவி பார்த்துப் பழகட்டும். பரணிலிருந்து மெஷினை இன்றே இறக்குங்கள் அம்மா.

கேள்வி: ஐசியூவில் கொடுத்த மாஸ்க்கையே வீட்டு சிபாப்புக்கு மாட்டலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இன்றிரவு மாட்டாதீர்கள். வீட்டு மாஸ்க்கில் நாம் விடும் மூச்சு வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். ஆஸ்பத்திரி மாஸ்க் பலவற்றில் இருக்காது. ஒற்றைக் குழாய் மெஷினில் அதை அப்படியே மாட்டினால் விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்பீர்கள். அந்தத் துளைகளைச் சத்தம் வருகிறதென்று பிளாஸ்டர் போட்டு அடைப்பவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன். சிபாப் போடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தாராளமாக. காந்தக் கிளிப் வைத்த மாஸ்க் மட்டும் வேண்டாம். வாங்கும் முன் கிளிப்பைப் பாருங்கள். அருகில் படுப்பவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் அப்படித்தான்.

கேள்வி: எனக்கு 29 வயது. ஆறு மாதமாக சிபாப் போடுகிறேன். பகல் தூக்கமும் தலைவலியும் போய்விட்டன. அடுத்த மாதம் கல்யாணம். மாஸ்க்கோடு என்னைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பாரோ என்று நிறுத்திவிட நினைக்கிறேன். (பெயர் வேண்டாம், சேலம்)

பதில்: நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சில நாட்களிலேயே குறட்டையும் தலைவலியும் திரும்பி வரும். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணாடி போடுவதுபோல் இதுவும் ஒன்று. சின்ன பில்லோ மாஸ்க்குக்கு மாறலாம், முகம் முழுக்கத் தெரியும். நாளைக்குக் கர்ப்பமானாலும் சிபாப் போடுவதில் பயமில்லை. எடை கூடுவதால் அழுத்தத்தை மட்டும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். விருப்பமிருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். பல தம்பதிகளுக்கு நானே உட்கார வைத்து விளக்கியிருக்கிறேன்.

கேள்வி: கரன்ட் போனால்? (வாசகர், மன்னார்குடி)

பதில்: மூச்சு முட்டாது, விழித்துக்கொள்வீர்கள். மாஸ்க்கைக் கழற்றுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டும்போது ஹியூமிடிஃபையர் சூட்டை அணைத்து வையுங்கள். மின்சாரத்தை அதிகம் இழுப்பது அதுதான்.