தெருவிளக்கும் எளியோர் குடியிருப்பும்

தமிழில் ‘விளக்கு’ என்னும் சொல் பெயராகவும் நிற்கும்; வினையாகவும் நிற்கும். பெயராயின் ஒளி தரும் கருவி. வினையாயின் தெளிவாக்குதல், துலக்குதல் என்பன பொருள். பாத்திரம் விளக்குதல், பாடம் விளக்குதல் ஆகிய இரண்டும் இன்றும் நம்மிடையே வழங்குகின்றன. ஆகவே, கண்ணைக் கூசச் செய்து பொருளைக் காணவொட்டாமல் தடுக்கும் ஒன்றை விளக்கு என்று அழைப்பது பொருந்துமா என்னும் ஐயம் நமக்கு எழுகிறது. தமிழாசிரியர் எதையும் இப்படித்தான் தொடங்குவர் என்று மாணவர் நகைக்கக்கூடும்; நகைக்கட்டும். உலகப் பெருநகரங்களில் எளிய மக்கள் வாழும் பகுதிகளுக்கு வந்து சேர்ந்த தெருவிளக்குகளைப் பற்றிப் படித்தபோது இவ்வேறுபாடே நம் நினைவுக்கு வந்தது.

நகர ஒளியமைப்பு தனிக்கலையாக வளர்ந்தது அண்மைக் காலத்தில்தான். பிரான்சு நாட்டின் லியோன் நகரம் 1989இல் தனக்கென ஓர் ஒளித்திட்டம் வகுத்தது. பாலங்களும் ஆற்றங்கரைகளும் பழம்பெருங் கட்டடங்களும் இரவில் எழிலுறத் தோன்றின. வேறு பல நகரங்களும் அவ்வழியே சென்றன. எவ்விடத்தில் நிழல் வேண்டும், எச்சுவரில் எந்நிறம் படியவேண்டும் என்றெல்லாம் ஆராய்ந்தது கலைத்திறன். ஏழையர் குடியிருப்புக்கு அத்திறன் எளிதில் சென்று சேரவில்லை. அங்கே சென்றது பெரும்பாலும் காவல் விளக்கு.

விளக்கே இல்லாத நிலை இன்னும் கொடியது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகராட்சி கடனைத் தீர்க்க இயலாமல் 2013 சூலையில் நீதிமன்றத்தை நாடியபோது, அந்நகரத் தெருவிளக்குகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு எரியவில்லை. தனி ஆணையம் ஒன்று பொறுப்பேற்று, 2016 இறுதிக்குள் ஏறத்தாழ 65,000 எல்.இ.டி. விளக்குகளை நிறுவியது. செலவு 18.5 கோடி டாலர். செம்புக் கம்பிகளைத் திருடர் அறுத்துச் சென்ற பட்டறிவால் இம்முறை அலுமினியக் கம்பிகளைப் பயன்படுத்தினர். ஆயினும் ஏறத்தாழ 20,000 விளக்குகள் உரிய காலத்துக்கு முன்பே மங்கியும் அணைந்தும் வருவது 2019இல் தெரியவந்தது. திறப்புவிழாவுக்கு வருவோர் பராமரிப்புக்கு வருவதில்லை என்பது எந்நாட்டுக்கும் பொது போலும்.

ஒளி மிகுந்தால் குற்றம் குறையுமா? இவ்வினாவுக்கு விடைகாண நியூயார்க் நகரில் 2016இல் ஒரு சோதனை நடந்தது. குற்றம் மிகுந்த அரசுக் குடியிருப்புகளுள் 40ஐக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, சாலைப் பணியிடங்களில் இரவில் நிறுத்தப்படும் விளக்குக் கோபுரங்களை அங்கே ஆறு திங்கள் நிறுத்தினர். மருந்தைச் சோதிப்பது போல, விளக்குப் பெறாத குடியிருப்புகளோடு ஒப்பிட்டனர். இரவில் வெளியிடங்களில் நிகழும் கடுங்குற்றங்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தன என்பது முடிவு. இவ்வெண்ணை நாம் சிறிதாகக் கருதவில்லை. வழிப்பறிக்கு அஞ்சி மாலையிலேயே கதவடைக்கும் குடும்பத்துக்கு இது பெருங்கொடை. ஆனால் அக்கோபுரங்கள் டீசல் ஜெனரேட்டரால் இயங்கியவை. இரைச்சலும் பேரொளியும் சேர்ந்தே வந்தன. உறங்கும் அறைக்குள் வெள்ளொளி பாய்வதையும் பாதுகாப்பு என்று ஏற்கவேண்டிய நிலை செல்வர் தெருவில் எவருக்கும் நேர்வதில்லை. இலண்டன் பொருளியல் பள்ளியின் சமூகவியல் அறிஞர் டான் சிலேட்டரும் அவர்தம் குழுவினரும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றனர். அளவுக்கு மீறிய காவல் ஒளி, ‘இது ஆபத்தான இடம், இங்கே வாழ்வோர் ஐயத்துக்குரியோர்’ என்று அக்குடியிருப்பின் நெற்றியில் எழுதிவிடுகிறது என்பது அவர்கள் ஆய்வின் சாரம்.

ஒளி மிகுதலால் பார்வை தெளியும் என்பதும் முழுமையான உண்மையன்று. கூசும் விளக்கை எதிர்கொள்ளும் கண்ணின் பாவை சுருங்குகிறது. அவ்விளக்கின் பின்னும் பக்கலிலும் உள்ள நிழல் முன்னினும் கருமையாகிறது. இரவில் நடப்பவருக்கு வேண்டுவது தரையின் மீது கொட்டும் வெள்ளமன்று; எதிரே வருபவர் முகம் சில அடித் தொலைவிலேயே தெரியவேண்டும். தாழ்ந்த கம்பங்களில் சீராகப் பரவும் மிதமான ஒளியே இதற்கு ஏற்றது.

இவ்வுண்மையைத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரைச் சார்ந்த கயலிட்சாவில் தெளிவாகக் காணலாம். நிறவெறி ஆட்சி 1980களில் கறுப்பின மக்களைக் குடியேற்றிய பகுதி அது. அங்கே நிறுவப்பட்டவை 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கோபுர மின்விளக்குகள். நம்மூர்ச் சந்திகளிலும் இவ்வகை விளக்குகள் உண்டு. அதனடியில் நின்று நாளிதழ் படிக்கலாம், இரண்டு சந்து தள்ளினால் இருள். கயலிட்சாவின் தகரக் குடிசைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. மேலிருந்து வரும் ஒளி கூரைகளில் படிந்துவிட, இடையிலுள்ள ஒற்றையடிச் சந்துகள் நிழலிலேயே கிடந்தன. ஒரு கோபுரம் பழுதானால் ஒரு வட்டாரமே இருளில் மூழ்கும். பல குடிகளுக்குக் கழிப்பறை வீட்டில் இல்லை. பொதுக் கழிப்பறைக்கு அச்சந்துகளின் வழியேதான் செல்லவேண்டும். பெண்டிரும் சிறுவரும் இரவில் வாளியைத் துணைகொண்டது சோம்பலால் அன்று, அச்சத்தால்.

நகராட்சியின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். நெருக்கமான குடிசைகளிடையே கம்பம் நட இடமில்லை. உயரத்திலுள்ள விளக்கை உடைக்கவும் இயலாது. இவை பொய்யல்ல. எனினும் அங்கே வேறுவழிகளும் பிறந்தன. ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் துணையோடு தொடங்கிய வன்முறைத் தடுப்புத் திட்டம், மக்கள் எவ்வழியே நடக்கின்றனர் என்பதை முதலில் அவர்களிடமே கேட்டறிந்தது. பின்னர் அந்நடைவழிகளுக்கு ஒளியூட்டி, வழியோரங்களில் ஆள் தங்கிக் காக்கும் சிறு மாடிக்கட்டடங்களை அமைத்தது. இரவில் அக்கட்டடத்தின் ஒளியைக் கண்டே மக்கள் திசையறிந்து நடந்தனர். கம்பத்தை மட்டும் நட்டுச் சென்றிருந்தால் இது வாய்த்திராது.

அண்மையில் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் கயலிட்சாவின் ஒரு குடிசைப் பகுதியில் மற்றொரு முறையைக் கையாண்டனர். குடிசைகளின் வெளிச்சுவர்களிலேயே சூரிய ஆற்றலால் எரியும் சிறு விளக்குகளைப் பொருத்தினர். கம்பமும் வேண்டாம், மின்கம்பி இழுக்கவும் வேண்டாம். பொது விளக்காயினும் அது ஒரு குடும்பத்தின் சுவரில் எரிகிறது. அக்குடும்பத்தார் கண்ணெதிரிலேயே இருக்கிறது. ஒன்று பழுதானால் ஒரு வாசல் மட்டுமே இருளும். அடுத்த வாசலின் ஒளி, கழிப்பறைக்குச் செல்லும் பெண்ணின் காலடி வரை எட்டும்.