சத்தம் போடாத விசிறி

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு சிறிய விசிறி சுற்றுகிறது. அது உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது. விசிறி நின்றால் சூடு ஏறும். கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும். செய்த வேலை வீணாகும்.

விசிறி இரைகிறதா? முதலில் மின் இணைப்பை எடுங்கள். தூசியைத் துடையுங்கள். அப்போதும் கரகரத்தால் விசிறியை மாற்றுங்கள்.

பழைய விசிறியைக் கடைக்குக் கொண்டு போங்கள். அளவு 80 மில்லிமீட்டரா, 120 மில்லிமீட்டரா? 12 வோல்ட்டா? ஒயர் முனையில் 3 துளையா, 4 துளையா? பார்த்து வாங்குங்கள்.

இடம் இருந்தால் பெரிய விசிறி நல்லது. அது மெதுவாகச் சுற்றியே போதிய காற்றைத் தள்ளும். அதனால் சத்தம் குறையும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். இணைப்பை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அது உயிருக்கு ஆபத்து.

பதில் எழுதுங்கள்: பெரிய விசிறியில் சத்தம் ஏன் குறைவு?