பழவேற்காட்டில் தூண்டில்: முதலில் தண்ணீரைப் படியுங்கள்

குளத்திலும் ஆற்றிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் பழவேற்காட்டுக்கு வந்தால் முதல் நாள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம்; நீர் நிறைந்த காலத்தில் பரப்பு 450 சதுர கிலோமீட்டரை ஒட்டி விரியும். ஆழம் மட்டும் சராசரியாக ஒரு மீட்டர்தான். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி இடுப்பளவு நீரும் அதன் கீழே சேறும்தான். இவ்வளவு அகலத்தில் மீன் எங்கே நிற்கும்? உப்பும் நீரோட்டமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இவை இரண்டையும் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டால் சாதாரண ராடு போதும். பழகாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த ராடும் உதவாது.

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு, இருபது கிலோமீட்டருக்குள்தான். விடியும்போது கரையில் நிற்க வேண்டும் என்பதால் சொந்த வண்டியில் போவது வசதி. தொப்பி, குடிநீர், நனைந்தாலும் கழலாத செருப்பு இவற்றை மறக்காதீர்கள். கரையோரம் நிழல் குறைவு.

முகத்துவாரத்திலிருந்து தொடங்குவோம். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. அதன் தென்முனைக்குக் கீழே, லைட் ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி வடக்கே மணலில் நடந்தால், கடலும் ஏரியும் கலக்கும் வாய் வரும். ஏரி மூச்சு வாங்குவதும் விடுவதும் இந்த வாய் வழியாகத்தான். கடல் நாளுக்கு இருமுறை ஏறும், இருமுறை வற்றும். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அட்டமி நவமியில் அதுவும் பாதியாகக் குறைந்துவிடும். உயரம் கொஞ்சம்தானே என்று எண்ணாதீர்கள். அவ்வளவு பெரிய ஏரியின் நீர் ஒரு குறுகிய வாய் வழியாகப் போய் வருவதால் ஓட்டம் பலமாகவே இருக்கும்.

நீர் வற்றும்போது ஏரிக்குள் இருக்கும் இறாலும் பொடிமீனும் ஓட்டத்தோடு வெளியே இழுபடும். கொடுவா, காலா, பாரை போன்ற வேட்டை மீன்கள் மேட்டுமணல் முடிந்து பள்ளம் தொடங்கும் விளிம்பில் ஓட்டத்தை எதிர்த்து நின்று, வருவதைப் பிடித்துத் தின்னும். தூண்டிலைப் பள்ளத்தின் நடுவே போடாமல், மேற்புறம் வீசி ஓட்டத்தோடு மிதந்து வந்து அந்த விளிம்பில் இரை விழும்படி விடுங்கள். நீர் ஏறும்போது நிலைமை மாறும். தெளிந்த கடல்நீர் உள்ளே வரும். அதோடு கிழங்கானும் ஊடானும் மணல் ஓரங்களுக்கு ஏறும். ஏற்றமோ வற்றமோ, அது தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். ஓட்டம் நின்ற வேளையில் தேநீர் குடிக்கப் போய்விடலாம்.

கைபேசியில் சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணை கிடைக்கும். ஓதம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதை நினைவில் வையுங்கள். வாயில் நீர் ஏறத் தொடங்கினாலும் உள்ளே ஊர்ப்பக்கம் அது உணரப்படக் கூடுதல் நேரமாகும். எவ்வளவு தாமதம் என்று எந்த அட்டவணையும் சொல்லாது, ஏனென்றால் முகத்துவாரமே வருடத்துக்கு வருடம் இடமும் அகலமும் மாறுகிறது. கரையோரம் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். கால்மணிக்கு ஒருமுறை பாருங்கள். இந்த ஏரியைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது உப்பு. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் ஏரிக்கு நன்னீர் கொண்டுவருகின்றன. வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் கலங்கிப் பழுப்பாகி, சில இடங்களில் குடிநீர் போலச் சப்பென்று ஆகிவிடும். கோடையில் நிலைமை நேர்மாறு. ஆற்றுநீர் நின்று, வெயிலில் நீர் ஆவியாகி, முகத்துவாரமும் மணல் மூடிவிட்டால் ஏரி கடலைவிட அதிகமாக உப்புக் கரிக்கும். வடபகுதி வறண்டு வெறும் சேற்றுவெளியாகும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே, ஜனவரி முதல் மார்ச் வரை, நீர் தெளிந்து உப்பு மிதமாக இருக்கும் காலம்தான் புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. நல்ல மழைக்குப் பிறகு போக நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நன்னீர் இலேசானது, மேலே நிற்கும். உப்புநீர் கனமானது, கீழே தங்கும். அப்போது தக்கை போட்டு மேலே மிதக்கவிட்டால் பயனில்லை. ஈயக்குண்டு கட்டி அடியில் இறக்குங்கள்.

காற்றையும் விட்டுவிடக் கூடாது. ஆழமில்லாத ஏரி என்பதால் காற்று வலுத்தால் சேறு கிளம்பிவிடும். கடற்காற்று எழுவதற்கு முன், அதிகாலையிலிருந்து காலை ஒன்பது, பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது. மாலை மங்கும் நேரம் இரண்டாவது வாய்ப்பு.

இனி மீன்கள். புதியவர்கள் கிழங்கானில் தொடங்க வேண்டும் என்றே நான் சொல்வேன். மணல் அடியில் திரியும் மெலிந்த மீன், சுவையும் அருமை. ஆறு எண் அளவுள்ள சிறிய முள், உரித்த இறால் துண்டு, பட்டாணி அளவு ஈயம் போதும். வீசிவிட்டு அப்படியே விடாமல் மெதுவாக மணலில் இழுத்து வாருங்கள். அது கடிப்பது விரல்நுனியில் சின்ன நடுக்கமாகத்தான் தெரியும். அந்த நடுக்கத்தையும் ஓட்டத்தின் இழுப்பையும் கை பிரித்தறியத் தொடங்கிவிட்டால் இந்த ஏரி உங்களுக்குத் திறக்கிறது. அதற்குள் கீச்சான் கூட்டம் இரையைக் கொத்திக் கொத்தித் தின்றுவிடும், கையில் பிடித்தால் கீச்கீச்சென்று சத்தமும் போடும். அது அதிகமானால் பத்தடி நகர்ந்து போடுங்கள்.

மடவை துள்ளுவதைப் பார்த்து அங்கேயே இறாலை வீசிக்கொண்டிருப்பவர்கள் பலர். மடவை சேற்றுப் பாசியையும் மட்கிய பொருளையும் மேயும் மீன், இறாலைச் சட்டை செய்யாது. ஊரார் அதை வலையில்தான் பிடிக்கிறார்கள். ஆனால் மடவைக் கூட்டம் திடீரென்று விசிறியது போலச் சிதறினால் உடனே கவனியுங்கள். கீழே கொடுவா வந்திருக்கலாம்.

கொடுவாதான் பலரும் இங்கே தேடி வரும் மீன். கடலோர உப்புநீரில் முட்டையிட்டு, குஞ்சுகள் கழிமுகத்துக்குள் ஏறி வளரும். பாலத்தூண், கல் கரை, ஓட்டம் திரும்பும் மூலை என மறைவுள்ள இடங்களில் அசையாமல் காத்திருக்கும். ஏழெட்டு அடி ராடு, பதினைந்து இருபது பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் முப்பது நாற்பது பவுண்டு தங்கூசி ஒரு முழத்துக்குக் குறையாமல் கட்டுங்கள். கொடுவாவின் வாய் அரம் போல மெல்லிய நரம்பைத் தேய்த்து அறுத்துவிடும், செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி. அதனால் தூக்கும்போது செவுளில் கைவிடாமல் கீழ்த்தாடையைப் பிடியுங்கள்.

உயிர் இறால்தான் சிறந்த இரை. காலையில் மீன் இறங்கும் இடத்தில் கேட்டால் கிடைக்கும். அதே ஏரித் தண்ணீரில் வாளியில் வைத்துக்கொள்ளுங்கள், ஊர்க் குழாய்த் தண்ணீரில் போட்டால் நொடியில் செத்துவிடும். தலைக்குள் தெரியும் கரும்புள்ளியைத் தவிர்த்து, வால் பக்கக் கடைசிக் கணுவில் முள்ளை ஏற்றினால் வெகுநேரம் நீந்தும். கொடுவா கவ்வும்போது டப்பென்று ஒரு சத்தத்தோடு இழுக்கும். பிறகு நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். அந்த நேரத்தில் ராடின் நுனியைத் தாழ்த்திப் பிடியுங்கள். நிமிர்த்தினால் முள் கழன்றுவிடும்.

எச்சரிக்கைகள் இன்னும் சில உண்டு. கெளுத்தியின் முதுகிலும் பக்கத்திலும் நஞ்சுள்ள முட்கள் இருக்கும். துணியோ குறடோ இல்லாமல் தொடாதீர்கள். நீரில் நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்துப் போங்கள், திருக்கை இருந்தால் விலகிப் போய்விடும். வயிறு ஊதும் பேத்தை மீனைச் சாப்பிடவே கூடாது, அதன் நஞ்சு உயிரை எடுக்கும்.

படகு பற்றி நேராகச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். பழகுபவருக்குக் கரையே போதும். முகத்துவாரத்திலும் மணல் விளிம்பில் நிற்காதீர்கள். ஓட்டம் அடியில் அரித்துத் திடீரென்று சரியும். ஸ்ரீஹரிகோட்டா பக்கம் ராக்கெட் ஏவுதளத்தின் பாதுகாப்பு எல்லை, அங்கே போகும் எண்ணமே வேண்டாம். ஏரி பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால் எங்கே நின்று தூண்டில் போடலாம் என்று வனத்துறையினரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பூநாரைகள் மேயும் ஆழமற்ற பகுதிகளை விட்டுத் தள்ளியே இருங்கள்.

ஊராரிடமும் கேட்க வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் பாடு என்ற முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் இறால் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நமக்கு வெறும் தண்ணீராகத் தெரிவது ஒருவருடைய அன்றைய கூலி. "அண்ணே, இங்க பாடு இருக்கா, நான் இந்தப் பக்கம் நின்னு போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். வலைக்கழியில் உங்கள் முள் மாட்டிக்கொண்டால் இழுத்துக் கிழிக்காமல் நரம்பை அறுத்துவிடுங்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு வெறும் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களையும் காண்பீர்கள். சேற்றில் இறால் எங்கே ஒதுங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அவர்கள் தடவும் இடத்தைத் தூரத்திலிருந்து கவனியுங்கள், அதுவே பாடம். குறுக்கே மட்டும் தூண்டில் வீசாதீர்கள்.

வெயில் ஏறிய பிறகு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கலாம். அவர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இடிந்துபோனது, கல்லறைகளின் செதுக்கு வேலை இன்றும் தெளிவாக இருக்கிறது. பனையோலைக் கூடை முடையும் பெண்களிடம் ஒரு கூடை வாங்கி வாருங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு வேண்டுகோள். கொடுவா பொதுவாக முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பின் பெண்ணாக மாறும் மீன். உங்கள் கையில் வந்த பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாயாகத்தான் இருக்கும். குஞ்சோ இன்னும் ஒருமுறைகூட இனம் பெருக்காதது. இரண்டையும் தண்ணீரில் விடுங்கள். நடுத்தர அளவில் ஒன்று, வீட்டுக் குழம்புக்குப் போதும். அறுந்த தங்கூசியைக் கரையில் போடாமல் சுருட்டிப் பைக்குள் வையுங்கள். பறவையின் காலில் அது சுற்றிக்கொண்டால் அவிழ்த்துவிட ஆளில்லை.