ஐஆர்என் வராத பில்

கேள்வி: பட்டாசு மொத்த வியாபாரம் செய்கிறேன். பில்லிங் மென்பொருள் சோதனையில் இ-இன்வாய்ஸுக்கான ஐஆர்என் எண்ணை ஒழுங்காகத் தந்தது. தீபாவளிச் சரக்கு ஏற்றும் நேரம் பார்த்து 'இணைக்க முடியவில்லை' என்கிறது. லாரி நிற்கிறது. அரசு சர்வர் கோளாறா?
– வாசகர், திருத்தங்கல்

பதில்: இருக்கலாம். ஆனால் சர்வரைத் திட்டுமுன் மென்பொருளின் கன்ஃபிக் ஃபைலில் உள்ள முகவரியைப் படியுங்கள். இ-இன்வாய்ஸில் சோதனைக்கான சாண்ட்பாக்ஸ் வேறு, நிஜத் தளம் வேறு. கிளையன்ட் ஐடியும் கடவுச்சொல்லும்கூட தனித்தனி. முகவரியை மாற்றிவிட்டுப் பழைய ஐடியை அப்படியே விட்டுவிடுவோர் ஏராளம். அப்போதும் பிழை எண்ணோடு பதிலாவது வரும். 404 வந்தால் சர்வர் கிடைத்துவிட்டது, முகவரியின் பின்பாதிதான் தப்பு.

உங்களுக்குப் பதிலே வரவில்லை. அப்படியானால் ஃபயர்வாலைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்து, அரசுத் தளத்தோடு நேரடி இணைப்பு என்றால், பதிவு செய்த ஐபி முகவரியிலிருந்து வரும் அழைப்பைத்தான் ஏற்பார்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டதில் பிராட்பேண்ட் ஐபி மாறியிருக்கக்கூடும். நிலையான ஐபி வாங்கிப் பதிவு செய்வதுதான் வழி.

இன்றைய லாரிக்கு, ஜேசன் கோப்பை அரசு போர்ட்டலில் நேரடியாக ஏற்றி ஐஆர்என் எடுங்கள். அதற்குமுன் ஒன்று: பதில் வராவிட்டாலும் உங்கள் பில் அங்கே பதிவாகியிருக்கலாம். மறுபடி அனுப்பி 2150 என்ற பிழை வந்தால் அந்த பில் ஏற்கெனவே ஏறிவிட்டது என்று பொருள். பில் எண்ணை மாற்றி இன்னொன்று போட்டுவிடாதீர்கள். ஒரே சரக்குக்கு இரண்டு முறை ஜிஎஸ்டி கணக்கில் ஏறும்.