மயங்கொலியும் சொல்லின் வேரும்

ண, ன, ந. ல, ழ, ள. ர, ற ஆகிய எட்டும் மயங்கொலி எழுத்துகள் எனப்படும். இவற்றின் ஒலிகள் தம்முள் நெருங்கியவை, ஆயினும் ஒன்றல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல், நாவின் தொழிலைக் கொண்டு இவற்றை வேறுபடுத்துகிறது. நாவிளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றுமிடத்து லகரமும் வருடுமிடத்து ளகரமும் பிறக்கும். நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும்.

இன்றைய பேச்சுவழக்கில் பல பகுதிகளில் ழகரம் ளகரமாகவும் றகரம் ரகரமாகவும் ஒலிக்கின்றன. செவி வேறுபாட்டை உணர்த்தாத இடத்தில் எழுதுவோர்க்குத் துணைநிற்பது சொல்லின் வேரே ஆகும்.

வேரும் பொருளும்

பரவை என்பது பரவு என்னும் வினையடியாகப் பிறந்தது. பரந்து கிடத்தலால் கடலைக் குறித்தது. பறவை என்பது பற என்னும் வினையடியாகப் பிறந்தது. பறத்தலால் புள்ளைக் குறித்தது. 'பரவையில் கலம் சென்றது' என்னும் தொடரில் ரகரம் றகரமானால், கலம் கடலை விட்டுப் புள்ளின்மேல் ஏறிவிடும்.

'உழவர் தம் விளைபொருளுக்கு நல்ல விலையை விழைவர்' என்னும் தொடரில் மூன்று வேர்கள் உள்ளன. விற்றல் பொருளுடைய வில் என்னும் அடியிலிருந்து விலை தோன்றியது. விளை என்பதன் இனச்சொற்கள் விளைச்சல், விளைவு, விளைநிலம் என்பன. விழை என்பது விரும்புதலைக் குறிக்கும். விழைவு அதன் தொழிற்பெயர். ஐயம் எழும்போது இனச்சொல்லை நினைவுகூர்ந்தால் எழுத்துத் தெளிவாகும்.

உறவுமொழிகளின் சான்று

இவ்வேறுபாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆனை (யானை), ஆணை என்னும் இரண்டும் மலையாளத்தில் ஆன, ஆண எனவும், கன்னடத்தில் ஆனெ, ஆணெ எனவும் வேறுபட்டே நிற்கின்றன. தமிழின் ஏழு, கோழி ஆகியன மலையாளத்திலும் அவ்வாறே வழங்க, கன்னடத்தில் ஏளு, கோளி எனவும் தெலுங்கில் ஏடு, கோடி எனவும் வழங்குகின்றன. பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது. பிற்காலத்தில் அது பெரும்பாலும் ளகரத்தோடு கலந்துவிட்டது. தமிழ் எழுத்துவழக்கு அதனை இன்றும் காத்துவருகிறது.

ஆகவே, ஓர் எழுத்தைப் பிழையாக எழுதுவது அச்சொல்லை அதன் சுற்றத்திலிருந்து பிரிப்பதாகும். பிழையற எழுதுவோர், பொருளோடு சொல்லின் வரலாற்றையும் காக்கின்றனர்.

கற்பவை கற்றபின்

உரை – உறை, உழவு – உளவு, இலை – இழை – இளை ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டை அறிந்து, ஒவ்வொன்றற்கும் இனச்சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.